பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி

டானிங்டன் முக்கில் மருந்துக்கடை மாடியில் என் ஸ்டுடியோ.
ரேஷன் கார்டுக்கு, ஹால் டிக்கெட்டுக்கு, வங்கிக் கடனுக்கு
கோத்தகிரியின் முகங்களை
இருபத்திரண்டு வருடமாய்
வெட்டிக் கொடுக்கிறேன்.
தாடையைக் கொஞ்சம் இறக்குங்க.
காது ரெண்டும் தெரியணும்.
சிரிக்க வேண்டாம்.

பல் டாக்டர் செலஸ்டின் ஆப்பிரிக்கா போய் வந்தார்.
விசாவுக்குப் படம் எடுத்தது நான்தான், இரண்டு தடவை;
முதல் படத்தில் மூக்குக்கண்ணாடி மின்னிவிட்டது.
ஐப்பசி மழையில் குடையை மடக்கிக்கொண்டு வந்து
பென் டிரைவை மேசையில் வைத்தார்.
'நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு இருக்கு, போஜன்.
ஆல்பத்துக்கு நாப்பது போதும்.
நீங்களே பொறுக்குங்க.'

சிங்கங்களை முதலில் கழித்தேன்.
பந்தி முடிந்த சித்தப்பாக்கள் மாதிரி
வேன் நிழலில் படுத்துக் கிடந்தன.
ஒட்டகச்சிவிங்கி இரண்டு வைத்துக்கொண்டேன்,
ஆல்பத்தின் நிமிர்ந்த பக்கங்களுக்கு.

பிறகு அந்த ஆறு.
தாடி வைத்த மாடுகள்.
மாட்டில் மிஞ்சியதையும் குதிரையில் மிஞ்சியதையும்
யாரோ அவசரத்தில் ஒட்டியது போல.
ஃபேக்டரியில் கோணிக் கோணியாய்ப்
பச்சை இலை கொட்டுமே,
அப்படிக் கொட்டுகின்றன மேட்டிலிருந்து.
தூசி. கொம்பு. முதுகு. மறுபடி தூசி.
எந்தப் புல்லுக்கு, எந்த மழைக்கு என்று
படத்தில் இல்லை.

டாக்டரின் கேமரா நொடிக்குப் பதினான்கு எடுக்கும்.
என் தொழிலில் அது ஊதாரித்தனம்.
ஆனால் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால்
படம் நடக்கிறது:
0871, விளிம்பில் ஒரு கன்று.
0874, முன்னங்கால் காற்றில்.
0879, மூக்கு மட்டும்.
0884, தண்ணீர்.

பின்னால் அழுத்தினேன்.
கன்று நனையாமல் ஏறிக் கரையில் நின்றது.
முன்னால் அழுத்தினேன்.
தண்ணீர்.
எத்தனை தடவை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எதிர்க்கரைப் படங்கள் இருநூற்றுச் சொச்சம்.
பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன்.
ஈரக் கன்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
அல்லது இத்தனை வருடத்தில்
எனக்கு முகம் பார்க்க வரவில்லை.

எட்டரைக்குக் குன்னூர் கடைசி பஸ்
கீழே வந்து நின்றது, ஹாரன் இல்லாமல்.
ஜன்னலைத் திறந்தேன்.
காட்டெருமைகள்.
வெள்ளை சாக்ஸ் போட்ட கால்களோடு
தேயிலையிலிருந்து இறங்கி
ஏடிஎம் வெளிச்சத்தைத் தாண்டி
மறுபக்கத் தேயிலைக்கு.
டிரைவர் விளக்கைத் தணித்தார்.
கண்டக்டர் டிக்கெட் மெஷினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
படிக்கட்டில் ஒரு கால் தூக்கியபடி அப்படியே நின்றார்.
சாக்கடை ஓரத்தில் சிவப்பாய் ஒரு குட்டி.
முகர்ந்தது.
தயங்கியது.
'தாண்டு' என்றேன், படகு பாஷையில்,
அதற்குக் கேட்காத தூரத்திலிருந்து.

இந்தப் பக்கம் எண்ணியது பதினொன்று.
அந்தப் பக்கமும் பதினொன்று.
என் போனில் விழுந்தது
இரண்டு மஞ்சள் வட்டமும்
கொஞ்சம் பனியும்.

திரும்பி வந்து 0871-ஐத் திறந்தேன்.
கன்று நேராக லென்ஸைப் பார்க்கிறது.
காது ரெண்டும் தெரிகிறது.
சிரிக்கவில்லை.
முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர்,
தூசியை எடுத்துவிட்டுப் பின்னால் வெள்ளை,
எட்டு காப்பி.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கை பழகிவிட்டது.

சனிக்கிழமை டாக்டர் ஆல்பத்தைப் புரட்டினார்.
ஒட்டகச்சிவிங்கிக்குத் தலையாட்டினார்.
பிறகு அந்தச் சின்னக் கவர்.
எக்ஸ்ரே பார்ப்பது போல
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

'இதுங்களுக்கு மேல் வரிசையில முன்பல் கிடையாது' என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
'இது எந்தக் கரை?'

'இந்தக் கரை' என்றேன்.

கத்தரிக்கோல் கேட்டு வாங்கி
ஒன்றை மட்டும் வெட்டி
கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.
எண்பது ரூபாயைத்
தனியாக எண்ணிக் கொடுத்தார்.